எங்கள் வாக்குச்சாவடியில் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குத் தட்டுப்பாடு

கேள்வி இது: "அமெரிக்காவின் சின்னஞ்சிறு கிராமப்புற ஊர்களில் மக்கள் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்கள்? அங்கே எல்லோரும் டிரம்ப் பக்கம்தானா?"

அப்படிப்பட்ட ஓர் ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். 2016, 2020, 2024 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களிலும் வாக்குச்சாவடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் தெரிவதிலிருந்து அது கொஞ்சம் வேறுபடும்.

அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலைக்கு நாங்கள் வந்தது 2002-இல். என் கணவர் மருத்துவர். பயிற்சி விசாவில் வந்த வெளிநாட்டு மருத்துவர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மருத்துவர் கிடைக்காத ஊரில் மூன்று ஆண்டு வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. அமெரிக்காவின் மூலை முடுக்குகளில் தமிழ் மருத்துவர்களைப் பார்த்து நீங்கள் வியந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்றே ஆண்டு என்று வந்தவர்கள், மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளையும் இந்த மண்ணிலேயே தங்கிவிட்டோம். 2013-இல் குடியுரிமை வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் ஊர் நூலகத்தில் வேலை.

இந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்யும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக்கொடுக்கலாம். 'கட்சி இல்லை' என்றும் எழுதலாம். நான் ஜனநாயகக் கட்சி என்று எழுதினேன். அதன் பலன் பிறகுதான் தெரிந்தது. வாக்குச்சாவடி அலுவலர்களில் ஒரே கட்சிக்காரர்கள் அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஐந்து பேர் என்றால் ஒரு கட்சிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. 2016-இல் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகத்திலிருந்து அழைத்தபோது, நூலகத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அழைக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். 2024 ஆகஸ்டில் வந்த அழைப்பில் பேசிய அலுவலக அம்மையார் நலம்கூட விசாரிக்கவில்லை. "நீங்கள் இன்னும் ஜனநாயகக் கட்சிதானே?" என்றார். அரிய ரத்த வகைக்காரரைத் தேடி மருத்துவமனையிலிருந்து அழைப்பார்களே, அந்தக் குரல். ஆமாம் என்றதும் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இந்த எட்டு ஆண்டு இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்திலேயே ஹோவர்டு கவுண்டி இருக்கிறது. தலைநகர் கிரெஸ்கோ. கவுண்டி முழுக்கவே ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான். பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் 1914-இல் பிறந்தது இந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில். (அவர் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசின் முதல் விருதை 1987-இல் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். இங்கே யாராவது என்னிடம் இந்தியாவைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டு மேலே என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றால், நான் கையிலெடுப்பது இந்தச் செய்தியைத்தான்.) 2012-இல் ஹோவர்டு கவுண்டி ஒபாமாவை ஏறத்தாழ 21 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஆதரித்தது. நான்கே ஆண்டில், 2016-இல், டிரம்பை ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் ஆதரித்தது. இரண்டு பேரையும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஆதரித்த கவுண்டி நாட்டிலேயே வேறு இல்லை. ஒபாமாவுக்கு இருமுறை வாக்களித்துவிட்டு டிரம்புக்கு மாறிய கவுண்டிகள் நாடு முழுவதும் 206. அவற்றில் 31 அயோவாவில். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

ஆகவே, "கிராமம் என்றால் காலங்காலமாகக் குடியரசுக் கட்சி" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1980-களின் தொடக்கத்தில் வட்டி ஏறி, நிலத்தின் விலை சரிந்தது. 1981-இல் அயோவாவில் ஓர் ஏக்கரின் சராசரி விலை 2,147 டாலர்; 1986-இல் 787. கடன் வாங்கி நிலம் வாங்கியவர்களின் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. எங்கள் தெருவில் அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், எந்தப் பண்ணை எந்த மாதத்தில் ஏலம் போனது என்று சொல்வார்கள். அந்தக் கோபத்தில்தான் 1988-இல், நாற்பது மாநிலங்களில் தோற்ற ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் இங்கே 10 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே காலத்தில் இந்த மாநிலம் குடியரசுக் கட்சியின் கிராஸ்லியையும் ஜனநாயகக் கட்சியின் டாம் ஹார்க்கினையும் சேர்த்தே செனட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, 1985 முதல் 2015 வரை முப்பது ஆண்டு. இருவரின் கொள்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். இருவருக்கும் வாக்களித்தவர்களுக்குச் சுற்றவில்லை. "இருவரும் வேளாண் மசோதாவைப் பார்த்துக்கொள்கிறார்கள், போதாதா?" என்பார் எதிர்வீட்டுப் பெரியவர்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 3, காக்கஸ் நாள்; தம் கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கூடிச் சொல்லும் நாள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் வேடிக்கை பார்க்கலாம் என்று அவர்தான் என்னை அழைத்துப் போனார். பள்ளியின் உள்விளையாட்டரங்கம். சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. அந்நாளைய முறைப்படி, ஜனநாயகக் கட்சியினர் எந்த வேட்பாளரை ஆதரிக்கிறார்களோ அவருக்குரிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். பதினைந்து விழுக்காடு சேராத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க, பல் மருத்துவர் பார்க்க, பிள்ளையின் ஆசிரியை பார்க்க நடந்து போய் நிற்பது. வாக்கின் ரகசியம் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்தவளுக்கு அது அதிர்ச்சியாகவே இருந்தது. பெரியவர் இயந்திரப் பட்டறைத் தொழிலாளி, தொழிற்சங்க உறுப்பினர். நேராகப் போய் ஒபாமாவின் மூலையில் நின்றார். திரும்பி வரும்போது வண்டியில் காரணம் சொன்னார்: "ஈராக்கில் நமக்கு வேலையில்லை. வாஷிங்டனை ஒருவன் பிடித்து உலுக்க வேண்டும்."

2016 டிசம்பரில் எங்கள் வீட்டு வாசலில் பனியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே, மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நான் அவருக்குத்தான் போட்டேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். யாராவது அந்த ஊரைப் பிடித்து உலுக்க வேண்டாமா?" அதே சொல். எட்டு ஆண்டில் தாம் மாறிவிட்டதாக அவர் நினைக்கவே இல்லை. ஒருமுறை உலுக்கச் சொல்லி அனுப்பிய ஆள் சரியாக உலுக்கவில்லை, அடுத்த ஆளை அனுப்பினேன், அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு. நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? காபி குடிக்கிறீர்களா என்றேன். குடித்தார்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஜனவரியில் உங்கள் கார் வாய்க்காலில் இறங்கிவிட்டால், சங்கிலியும் டிராக்டரும் வைத்திருப்பவர் மூன்று மைல் சுற்றளவில் ஒருவர்தான். அரசியல் பேசி அவரோடு முறைத்துக்கொள்ள இங்கே யாருக்கும் துணிவில்லை. அதனால் பேசுவதில்லை. வாசலில் பலகை நடுவார்கள், கொடி கட்டுவார்கள், அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்குப் பழக்கமான தேர்தல், ஒலிபெருக்கியும் ஆட்டோவும் கரைவேட்டியுமாகத் தெருவை அதிரவைக்கும் தேர்தல். இங்கே நவம்பரில் காற்றாடும் பலகைகளின் சத்தம் மட்டும் கேட்கும்.

இனி வாக்குச்சாவடி. லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம். காலை ஆறு மணிக்குள் போய்விட வேண்டும், ஏழு மணிக்குக் கதவு திறக்கும். மதியச் சாப்பாடு, பீன்ஸ் போட்டுக் கொதிக்கவைத்த சில்லியும் இலவங்கப்பட்டைச் சர்க்கரை ரொட்டியும். காரக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள ஜிலேபி கொடுத்ததைப் போல முதல் ஆண்டு விழித்தேன். இப்போது இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

வாக்குச்சீட்டு ஒரு நீளமான தாள், இரண்டு பக்கமும் அச்சு. கறுப்புப் பேனாவால் முட்டை வடிவக் கட்டங்களை நிரப்ப வேண்டும். மேலே அதிபர். பிறகு நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம். அதற்குக் கீழே கவுண்டி மேற்பார்வையாளர், ஆடிட்டர், ஷெரிப். இன்னும் கீழே மண், நீர்வளப் பாதுகாப்பு ஆணையர், வேளாண் விரிவாக்கக் குழு, மருத்துவமனை அறங்காவலர், டவுன்ஷிப் (கவுண்டிக்குள் ஒரு சிறு பிரிவு) அறங்காவலர். டவுன்ஷிப் அறங்காவலரின் வேலை கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பது, தீயணைப்புக்கு ஏற்பாடு செய்வது, இரண்டு நிலத்துக்கு நடுவே வேலித் தகராறு வந்தால் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. இதற்குப் பெரும்பாலும் யாரும் போட்டியிட மாட்டார்கள். சீட்டில் வெறும் கோடு இருக்கும். விருப்பமான பெயரை எழுதலாம். எங்களூர் ஒருவர் நான்கு பேர் தம் பெயரை எழுதியதால் அறங்காவலர் ஆனார். தொலைபேசியில் செய்தி சொன்னபோது அந்த நான்கு பேரில் தாம் இல்லை என்று சத்தியம் செய்தார்.

2020-இல் ஒரு விவசாயி. எழுபது வயது இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனவர் வெளியே வரவே இல்லை. கடைசியில் தாளை நீட்டி, "கெடுத்துவிட்டேன், வேறு கொடுங்கள்" என்றார். விரிவாக்கக் குழுவில் அனுமதித்ததைவிட ஒரு பெயர் கூடுதலாக நிரப்பியிருக்கிறார். அவரே உரக்கப் புலம்பினார்: "ஒருத்தி என் மைத்துனி. ஒருவன் எனக்கு அறுவடை இயந்திரம் இரவல் கொடுத்தவன். இன்னொருத்தி மாட்டு வைத்தியச்சி. யாரை விடுவது?" கெட்ட சீட்டை உறையிலிட்டு மூடிவிட்டுப் புதியதைக் கொடுத்தோம். மறுபடி பத்து நிமிடம். அதிபர் கட்டத்தில் அவருக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

என் அனுபவத்தில் கிராமத்து வாக்காளர் இவர்தான். சீட்டின் உச்சியில் கட்சியின் பெயரைப் பார்த்து நிரப்புகிறார். கீழே இறங்க இறங்க ஆளின் முகத்தைப் பார்த்து நிரப்புகிறார். பின்பக்கம் திருப்பினால் நீதிபதிகள்; அவர்கள் பதவியில் தொடரலாமா கூடாதா என்ற கேள்வி. அந்தப் பகுதியைப் பலர் தொடுவதே இல்லை. விதிவிலக்கு 2010. முந்தைய ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அனுமதி அளித்திருந்தது. அந்த வாக்கெடுப்பில் மூன்று நீதிபதிகளை மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1962-இல் இந்த முறை வந்த பிறகு அதுவரை நடக்காதது. பின்னால் வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஒபாமா 2012-இல் மறுபடி வென்றாரே.

முன்பெல்லாம் சீட்டில் ஒரே கட்டத்தை நிரப்பினால் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் வாக்கு விழும். 2017-இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் போட வேண்டும், ஆளைப் பார்த்துப் போடுவது கூடும் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. போடுவதற்கு மறுபக்கத்தில் ஆளே இல்லாமல் போனார்கள். 2016-க்கு முன் எங்கள் கவுண்டியில் ஜனநாயகக் கட்சிக்காரராக நின்று சுலபமாக வென்றவர்களில் இருவர் அடுத்த முறை குடியரசுக் கட்சியில் பதிவு செய்துகொண்டு நின்றார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியில் யாரும் முன்வரவில்லை. கட்சி மாறியவர்களில் ஒருவரை நூலகத்தில் பார்த்தபோது, "என் கருத்து எதுவும் மாறவில்லை. ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் ஜனநாயகக் கட்சியின் அந்த எழுத்து இருந்தால், என் நாய்க்குப் பெயர் வைத்தவர்கள்கூட எனக்குப் போட மாட்டார்கள்" என்றார். அதே மனிதர், அதே வேலை, அதே வாக்காளர்கள். எழுத்து மட்டும் வேறு. மறுநாள் வரைபடத்தில் எங்கள் கவுண்டி குடியரசுக் கட்சியின் நிறத்தில், இன்னும் அடர்ந்த சிவப்பாகத் தெரிகிறது.

அதனால் தேர்தல் முடிவு காட்டுகிற அளவுக்கு ஊர் ஒருமுகமானதல்ல என்பது என் கணிப்பு. மறுபக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று நின்றுவிட்டால் கணக்கு உடனே கலைகிறது. 2022-ஐப் பாருங்கள். குடியரசுக் கட்சியின் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் ஏறத்தாழ 18 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில், அதே சீட்டில், மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ராப் சாண்ட் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். மாநில அளவில் அந்தக் கட்சியில் தேறியவர் அவர் ஒருவர்தான். அவர் பக்கத்துக் கவுண்டியின் டிக்கோராவில் வளர்ந்தவர், மான் வேட்டைக்குப் போகிறவர், கணக்கு வழக்கைத் தவிர வேறெதையும் அதிகம் பேசாதவர்.

டிக்கோரா என்றதும் ஒன்று. கிரெஸ்கோவுக்கும் அதற்கும் சுமார் 20 மைல்தான். இரண்டு ஊரையும் சுற்றி ஒரே பயிர், ஒரே பனி. ஆனால் டிக்கோராவில் நார்வே குடியேறிகள் 1861-இல் தொடங்கிய லூத்தர் கல்லூரி இருக்கிறது. டிக்கோரா உள்ள வின்னஷீக் கவுண்டியும் 2016-இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது, ஆனால் மயிரிழையில். பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதே இப்போது வெள்ளையின மக்களின் வாக்கைப் பெரிதும் பிரிக்கிறது. பண்ணை வருமானம் அவ்வளவாகப் பிரிப்பதில்லை.

வருமானம் என்று சொன்னதால் சோயாவின் கதை. 2018-இல் டிரம்ப் சீனப் பொருள்களுக்கு வரி போட, சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாவின் மீது 25 விழுக்காடு வரி போட்டது. கூட்டுறவுத் தானியக் கிடங்கின் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு நூலகத்துக்கு வந்து பேசாமல் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களை அந்தக் கோடையில் நிறையவே பார்த்தேன். ஈடுகட்ட அரசு முதலில் 1,200 கோடி டாலர், அடுத்த ஆண்டு 1,600 கோடி டாலர் அறிவித்தது. "எனக்குக் காசோலை வேண்டாம், சந்தைதான் வேண்டும்" என்று சொன்னவர்கள் உண்டு. காசோலையை வாங்கிக்கொண்டும் சொன்னார்கள். 2020-இல் ஹோவர்டு கவுண்டியில் டிரம்பின் வித்தியாசம் குறையவில்லை, கூடியது. பையில் கைவைத்தால் வாக்கு மாறும் என்ற கணக்கு அன்றோடு என்னிடம் முடிந்துபோனது.

குடியேறிகள் விஷயத்தில் மனம் இன்னும் சிக்கலானது. எங்களுக்குக் கிழக்கே போஸ்ட்வில் என்ற ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 2008 மே 12 அன்று அங்கிருந்த இறைச்சித் தொழிற்சாலையில் குடியேற்றத் துறையினர் ஒரே நாளில் 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். குடும்பங்கள் கத்தோலிக்கத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தன. சுற்றுவட்டாரத்து மக்கள் உணவும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் தேவாலயத்திலிருந்தும் வண்டி போனது. போஸ்ட்வில்லின் பெரும்பகுதி அடங்கிய அலமக்கி கவுண்டியும் ஒபாமாவிலிருந்து டிரம்புக்கு மாறிய அந்த 31 கவுண்டிகளில் ஒன்று. அன்று போர்வை கொண்டுபோன பெண்மணி ஒருவர் 2024-இல் எல்லைச் சுவருக்காகவே வாக்களிப்பதாக என்னிடம் சொன்னார். "அவர்கள் வேறு, நமக்குத் தெரிந்தவர்கள்" என்றார். எங்களையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் நூலக மேசையில் என்னிடம், "எப்போது உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போவதாக உத்தேசம்?" என்று கேட்டபோது, அவரிடம் சண்டைக்குப் போனவரும் இதே பெண்மணிதான். இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2024 நவம்பர் 5, இரவு எட்டு மணி. கதவைச் சாத்தினோம். இயந்திரத்திலிருந்து ரசீதுச் சுருள் போல முடிவு வெளியே வந்தது. ஐந்து பேரும் கையெழுத்திட்டோம். எண்கள் எதிர்பார்த்தபடியே இருந்தன. யாரும் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. மீந்த ரொட்டியைப் பங்கு பிரித்துக்கொண்டோம். சீட்டுப் பையைக் கவுண்டி அலுவலகத்தில் சேர்க்க வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த இருவர் போக வேண்டும். ஜனநாயகக் கட்சி சார்பில் நான்தான் போக வேண்டியிருந்தது. துணைக்கு ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், அவருடைய பிக்கப் வண்டி. முத்திரையிட்ட பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. பன்னிரண்டு மைல். வானொலியில் நாடு முழுவதிலிருந்தும் முடிவுகள் வரத் தொடங்கியிருந்தன. அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அலைவரிசையை மாற்றி வானிலையும் சோளத்தின் விலையும் சொல்லும் நிலையத்தை வைத்தார். கவுண்டி அலுவலக விளக்கு தெரிந்ததும் கேட்டார்:

"அடுத்த ஆண்டு பள்ளிக் குழுத் தேர்தலுக்கும் வருவீர்கள்தானே? உங்களை விட்டால் எங்களுக்கு ஆள் கிடையாது."